புயலுக்கு முன் தொட்டியை நிரப்புங்கள்

புயல் எச்சரிக்கை வந்தவுடன் நம் ஊர்க் கடைத்தெருவைப் பார்த்திருப்பீர்கள். மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாலுக்கும் ரொட்டிக்கும் வரிசை நிற்கும். வீட்டில் செல்பேசிகளுக்கு மின்னேற்றம் நடக்கும், சன்னல்கள் தாழிடப்படும். எல்லாம் நல்ல முன்னேற்பாடுகள்தாம். ஆனால் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு வருபவர் எத்தனை பேர்? குளியலறைக் கழிவுநீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று ஒரே நாளில் ஓய்ந்துவிட்டது. ஆனால் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. டெல்டா மாவட்டங்களில் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் இல்லை என்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லை என்றால் தண்ணீர் இல்லை. ஊர்த் தொட்டிகளை நிரப்ப ஜெனரேட்டர்களைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்கு முன் 2011 டிசம்பரில் கடலூரையும் புதுச்சேரியையும் தாக்கிய தானே புயலும், 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலும் இதே பாடத்தைத்தான் சொல்லிவிட்டுப் போயின. மழை கொட்டிய ஊரிலேயே மக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்தார்கள்.

இந்தத் துன்பத்தில் ஒரு பெரும் பகுதி தவிர்க்கக்கூடியது என்பது என் கருத்து. அதற்குத் தேவையான அறிவு எங்கோ பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை. உங்கள் இயற்பியல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அழுத்தம், மிதப்பு விசை, விசையின் திருப்புத்திறன், நிலை ஆற்றல் என்று நீங்கள் தேர்வுக்குப் படிக்கும் பாடங்கள் எல்லாம் புயல் நாளில் உங்கள் வீட்டுக் குழாய்களில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலித் தொட்டியும் நிறைந்த தொட்டியும்

பல வீடுகளின் மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர்; விட்டம் 1.1 மீட்டர். வெறும் தொட்டியின் நிறை சுமார் 25 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதன்மேல் மோதினால் என்ன ஆகும்?

மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 33 மீட்டருக்குச் சற்று மேல். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால், அந்தக் காற்று தரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 670 நியூட்டன் என்று கிடைக்கும். காற்றுக்கு எதிரே நிற்கும் தொட்டியின் பரப்பு 1.3 சதுர மீட்டர். தொட்டி உருளை வடிவம் ஆதலால் காற்று ஓரளவு வழுக்கிக்கொண்டு போகும்; அதற்காகப் பத்தில் மூன்று பங்கைக் கழித்துவிடுவோம். அப்படியும் 600 நியூட்டன் விசை மிஞ்சுகிறது. தொட்டியின் எடையோ 245 நியூட்டன்தான். தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசையை அது எப்படித் தாங்கும்? கவிழ்ந்து உருண்டு, குழாய்களையும் பிய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழும்.

இப்போது அதே தொட்டியில் தண்ணீரை நிரப்புங்கள். எடை 10,000 நியூட்டன் ஆகிவிடுகிறது. காற்றின் விசை தொட்டியின் நடு உயரத்தில், அதாவது தளத்திலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாகக் கொண்டால், அதைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறன் சுமார் 360 நியூட்டன் மீட்டர். தொட்டியை நிலைநிறுத்தும் திருப்புத்திறன், எடையையும் 0.55 மீட்டர் ஆரத்தையும் பெருக்கினால் வரும். வெறும் தொட்டிக்கு அது 135. நிறைந்த தொட்டிக்கு 5,500! கயிறு இல்லாமல், கம்பி இல்லாமல், தண்ணீரே தொட்டியைக் கட்டிப் போட்டுவிடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. துருப்பிடித்த இரும்புத் தாங்கியின்மேல் தொட்டி நின்றால் ஒரு டன் எடையை அது தாங்குமா என்று முன்பே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். புயல் வந்த பிறகு பார்க்கக் கூடாது. காற்று வீசத் தொடங்கிய பின் யாரும் மாடிக்கு ஏறவே கூடாது.

மூடியையும் மறக்காதீர்கள். மூடியின்மேல் காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று மூடியை மேலே தள்ளுகிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல் இந்த விசை 80 நியூட்டன் வரை போகலாம்; மூடியின் எடை 10 நியூட்டன்கூட இராது. திருகு மூடியானால் இறுகத் திருகுங்கள். சாதாரண மூடியானால் கயிற்றால் கட்டுங்கள். மூடி பறந்த தொட்டியில் இலையும் குப்பையும் விழுந்தால், சேர்த்து வைத்த தண்ணீர் பாழாகிவிடும்.

காலணா ஆற்றல்

தொட்டியை நிரப்பச் செலவு ஆகுமே என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 கிலோகிராம் தண்ணீரை 6 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அது பெறும் நிலை ஆற்றல் 58,800 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல். ஆக, ஒரு யூனிட்டில் அறுபதில் ஒரு பங்கு! மோட்டாரிலும் குழாயிலும் வீணாகும் ஆற்றலைச் சேர்த்தாலும், அரைக் குதிரைத்திறன் மோட்டார் அரை மணி நேரம் ஓட அரை யூனிட்டுக்கு மேல் ஆகாது.

அந்தச் சிறு செலவில் என்ன கிடைக்கிறது? ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவிட்டால் ஐந்து நாள் தண்ணீர். மின்சாரம் இல்லாவிட்டாலும், மோட்டார் பழுதாகிவிட்டாலும், புவியீர்ப்பு விசை ஒரு நாளும் வேலைநிறுத்தம் செய்வதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஏற்றி வைத்த தண்ணீர் என்பது சேமித்து வைத்த ஆற்றல். நகரங்களில் அடுக்குமாடி வீடுகளுக்கும் இது பொருந்தும். அங்கே மேலே ஏற்றாத தண்ணீர், மின்சாரம் போனபின் படியேறித்தான் வர வேண்டும்.

இருபது நிமிடத்தில் எல்லாம் போய்விடும்

சரி, தொட்டி நிறைந்துவிட்டது. இரவில் ஒரு தென்னை மட்டையோ மரக்கிளையோ மாடிக் குழாயின்மேல் விழுந்து அதை உடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கலிலியோவின் சீடர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி இங்கே நமக்கு உதவும். துளையின் வழியே வெளிவரும் நீரின் வேகம், அதன் மேலுள்ள நீர் உயரத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் உயரம் நீர் இருந்தால் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர். ஓர் அங்குலக் குழாய் உடைந்தால் தொடக்கத்தில் வினாடிக்கு இரண்டு லிட்டர்வரை கொட்டும். நீர்மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும். உராய்வையும் கணக்கில் சேர்த்தால்கூட இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தொட்டி காலி. காலித் தொட்டி என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்துவிட்டோம்.

இதைத் தடுக்க ஒரு சிறு கைப்பிடி போதும். தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில், தொட்டியை ஒட்டியே, ஒரு கேட் வால்வு இருக்க வேண்டும். புயல் இரவுக்கு வேண்டிய நீரைக் கீழே வாளிகளிலும் குடங்களிலும் பிடித்து மூடி வைத்துவிட்டு, அந்த வால்வை அடைத்துவிட வேண்டும். காற்று ஓய்ந்ததும் குழாய் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்கலாம். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். ஆகவே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். திருகவே முடியாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள்.

மண்ணுக்குள்ளும் மிதப்பு விசை உண்டு

மாடித் தொட்டிக்குச் சொன்னது தரைக்குக் கீழே உள்ள சம்ப்புக்கும் பொருந்தும், காரணம்தான் வேறு. பெருமழையில் நிலத்தடி நீர்மட்டம் தரைவரை உயர்ந்துவிடும். அப்போது மண்ணுக்குள் புதைந்திருக்கும் தொட்டி, உண்மையில் நீரில் அமிழ்ந்திருக்கும் பாத்திரமே. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, 2000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வெறுமையாக இருந்தால் ஏறக்குறைய 2000 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். மேலே உள்ள மண்ணும் மூடுபலகையும் தாங்காவிட்டால், தொட்டி பெயர்ந்து, குழாய் இணைப்புகளை முறித்துக்கொண்டு மேலே வரும்.

செங்கல், சிமெண்டுத் தொட்டி கனமானது. அவ்வளவு எளிதில் எழும்பாது. ஆனால் வெளியே நீர் 1.5 மீட்டர் உயர்ந்து நின்றால், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசை கீழிருந்து தள்ளுகிறது. உள்ளே நீர் இருந்தால் அது மேலிருந்து அழுத்தி இதைச் சமன் செய்துவிடும். இல்லாவிட்டால் தளம் விரிசல் விடலாம். விரிசல் முன்பே இருந்தால் இன்னொன்றும் நடக்கிறது. நீர் எப்போதும் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும் அல்லவா? சம்ப் பாதி காலியாக இருந்தால் வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே வரும். நிறைந்திருந்தால் உள்ளே வர அதற்கு இடமும் இல்லை, அழுத்தமும் இல்லை. நல்ல நீரால் நிறைந்த தொட்டியில் கெட்ட நீர் புகுவது கடினம்.

தெருவெள்ளம் சம்ப்பின் மூடியைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். மூடிக்குக் கீழே கனத்த பிளாஸ்டிக் தாளைப் போட்டு, மூடியின்மேல் மணல் மூட்டைகளை அடுக்குவது ஓரளவு உதவும். அப்படி மூழ்கிய சம்ப்பின் நீரைக் குடிக்கப் பயன்படுத்தவே கூடாது. குடிநீரைத் தனியே வீட்டுக்குள் உயரமான இடத்தில் வையுங்கள்.

செப்டிக் டேங்கைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளம் சூழ்ந்திருக்கும் நாட்களில் அதைக் காலி செய்ய அவசரப்படக் கூடாது. காலியான தொட்டிக்கு என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

தண்ணீர் பின்னோக்கி வரும்போது

வெள்ள நாட்களில் மனத்தை மிகவும் சோர வைக்கும் காட்சி எது என்று பாதிக்கப்பட்டவர்களைக் கேளுங்கள். வாசல் வழியாக வந்த வெள்ளத்தைக்கூட அவர்கள் மன்னித்துவிடுவார்கள். கழிப்பறை வழியாகக் குமிழியிட்டு மேலே வந்த சாக்கடையை மறக்க மாட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது? பாத்திரங்கள் குழாயால் இணைந்திருந்தால் அவற்றில் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும் என்று படித்திருக்கிறீர்கள். தெருவில் உள்ள பாதாளச் சாக்கடையும் உங்கள் குளியலறையும் அப்படி இணைந்த பாத்திரங்கள்தாம். மழைநீர் புகுந்து சாக்கடை, மேன்ஹோல் மூடிவரை நிரம்பிவிட்டால், சாலை மட்டத்துக்குக் கீழே உள்ள எந்தத் துளை வழியாகவும் அது வெளியே வரும். சாலையைச் சுரண்டாமல் பழைய தாரின்மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. அதற்குமுன் உயர்ந்துவிட்ட சாலைகள் உயர்ந்தே இருக்கின்றன.

நிலையான தீர்வு, வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துவது. அதற்குள் ஒரு தொங்கும் கதவு இருக்கிறது. உள்ளிருந்து நீர் போகும்போது திறக்கும். வெளியிலிருந்து வரும்போது அந்த நீரின் அழுத்தமே கதவை இறுக அடைத்துவிடும். அடைத்திருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீரை அதிகம் கொட்டக் கூடாது. அது வெளியேற வழி இராது.

வால்வு இல்லாத வீட்டுக்கு ஒரு மணல் மூட்டை உதவும். உங்கள் குளியலறைத் தரை சாலையைவிட 30 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால், அங்கே சாக்கடை நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 3000 நியூட்டன். தரையில் உள்ள 10 சென்டிமீட்டர் வடிகால் துளையில் அது தரும் விசை 24 நியூட்டன். அதாவது இரண்டரைக் கிலோ எடை. பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பிக் கட்டி, பத்துக் கிலோ மூட்டையாகத் துளையின்மேல் படிய வைத்தால் கசிவு பெருமளவு நின்றுவிடும். கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் இப்படி வைக்கலாம். பெரிய ஆபத்துபோல் தோன்றுவதை எண்ணால் அளந்து பார்த்தால், அதற்கு எத்தனை கிலோ மணல் தேவை என்று தெரிந்துவிடுகிறது! இயற்பியலின் பயன் இதுதான்.

உங்கள் மாடி, அடுத்த வீட்டுக் குளியலறை

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். சாக்கடை நிரம்புவதற்கு மழையை மட்டும் குறைசொல்வது நியாயம் அன்று. மொட்டைமாடியின் மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிட்ட வீடுகள் பல உண்டு. அப்படிச் செய்தால் செலவு குறைவு. வாசலில் நீர் தேங்காது. ஆனால் 100 சதுர மீட்டர் மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர். 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதே மாடியில் அது 49,000 லிட்டர்! வீட்டுக் கழிவுநீருக்கென்று அமைத்த குழாய் இதை எப்படித் தாங்கும்? நம் மாடியில் விழுந்த நல்ல நீர், பள்ளத்தில் இருக்கும் இன்னொருவர் வீட்டுக் கழிப்பறையில் சாக்கடையாக எழும்புகிறது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கலாம்.

மாடி நீருக்கு உரிய இடம் மழைநீர் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு அது கட்டாயம். அந்தக் குழாயின் வாயில் சருகு அடைத்திருந்தால் நீர் மாடியிலேயே தேங்கும். கைப்பிடிச் சுவர் சூழ்ந்த 100 சதுர மீட்டர் மாடியில் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால் கூரையின்மேல் பத்து டன் சுமை. ஆகவே மழைக்கு முன் சருகை அகற்றுங்கள்.

இதேபோல் இன்னொரு கெட்ட வழக்கமும் இருக்கிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது. தெருக்குழாயில் நீர் அழுத்தத்துடன் இருக்கும்வரை, விரிசல் வழியாக நீர் வெளியேதான் கசியும். மோட்டார் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் வெளியைவிடக் குறைகிறது. சுற்றிலும் தேங்கிய சாக்கடை உள்ளே நுழைகிறது. உறிஞ்சுபவர் குடத்திலும் அதுதான். உறிஞ்சாத ஏழை வீட்டுக் குடத்திலும் அதுதான். சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டுமன்று, இந்தக் காரணத்துக்காகவே அதை நிறுத்த வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளேயும் இதன் சிறு வடிவம் உண்டு. குழாயில் மாட்டிய ரப்பர் குழலின் மறுமுனை அழுக்கு வாளியில் அமிழ்ந்திருந்தால், நீர் நின்றுபோகும் நேரத்தில் வாளித் தண்ணீர் வடிகுழாய்போலக் குழாய்க்குள் ஏறலாம். எனவே குழலைக் கழற்றி வையுங்கள். குழாயின் வாய்க்கும் வாளி நீருக்கும் நடுவே நான்கு விரல் காற்று இடைவெளி இருந்தால் போதும். காற்றைத் தாண்டி நீர் பின்னோக்கி ஏறாது.

தொடக்கூடாத இடம்

மோட்டாரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதில் விளையாட்டு வேண்டாம். தொட்டிகள் நிறைந்ததும் பெரியவர்களைக் கொண்டு மோட்டாரின் மின்னிணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். தரையில் உள்ள மோட்டாரைக் கழற்ற முடிந்தால் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நனைந்த மோட்டாரை மின்பணியாளர் சோதிக்கும்வரை யாரும் இயக்கக் கூடாது. நீர் தேங்கிய இடத்தில் நின்றுகொண்டு எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. தொட்டி முன்பே நிறைந்திருந்தால் இந்த அவசரமே நேராது என்பதையும் கவனியுங்கள்.

வெள்ளம் வடிந்த பின்

வெள்ளம் புகுந்த கிணற்று நீர் பார்க்கத் தெளிவாக இருக்கலாம். தெளிவு வேறு, தூய்மை வேறு. காலராவும் டைபாய்டும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் வருபவை. கிணற்றை முதலில் இறைத்துச் சுத்தம் செய்து, பிறகு பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்: 9,400 லிட்டர் வரும். அதற்கு 25 கிராம் அளவில் தேவைப்படும். வெள்ளத்தில் கலங்கிய நீருக்கு இது போதாமல் போகலாம். ஆகவே சுகாதாரப் பணியாளர் சொல்லும் அளவையே இடுங்கள். இட்டபின் ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். எப்படியானாலும் குடிக்கும் நீரைக் கொப்புளிக்கக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே நல்லது.

இது எங்கள் வேலையா?

"இதெல்லாம் பிளம்பர் பார்க்க வேண்டியது, படிக்கிற பிள்ளைக்கு என்ன?" என்று வீட்டில் கேட்கலாம். புயல் நாளில் ஓர் ஊரில் எத்தனை பிளம்பர்கள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அவரும் தம் வீட்டைக் காக்க வேண்டாமா? புதிய வால்வு பொருத்துவது அவர் வேலை. இருக்கிற வால்வு எங்கே என்று அறிந்திருப்பது நம் வேலை. கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்கு வரும் மாணவர்கள் பெர்னூலி தேற்றத்தைப் பிழையின்றி எழுதுகிறார்கள். உங்கள் வீட்டுத் தொட்டியின் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். கையால் செய்யும் வேலை என்றால் அது அறிவுக்குக் கீழானது என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ ஊறிவிட்டது. குழாய் வேலை செய்பவர் ஒவ்வொரு நாளும் செய்முறை இயற்பியல் செய்கிறார். அவர் வரும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். நல்ல ஆசிரியராக இருப்பார்.

"எங்கள் வீட்டில் தொட்டியே இல்லையே" என்று சொல்லும் மாணவர்களும் உங்களில் இருப்பீர்கள். தெருக்குழாயையோ அடிபம்பையோ நம்பியிருக்கும் வீடுகளுக்குத்தான் புயல் முதலில் துன்பம் தருகிறது. உங்களுக்கும் விதி அதுவே: காற்று வருமுன் இருக்கிற குடம், அண்டா, தூக்குவாளி அனைத்தையும் நிரப்பி மூடி வையுங்கள். தொட்டி உள்ள வீட்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆயிரம் லிட்டரில் பத்துக் குடம் பக்கத்துக் குடிசைக்குக் கொடுத்தால் 150 லிட்டர்தான் குறையும். புவியீர்ப்பு விசை அதற்குக் கணக்குக் கேட்பதில்லை.

பள்ளிகள் ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டின் நீர்ப்பாதையைப் படமாக வரைந்து வரட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே சேர்கிறது, எந்த வால்வு எதை அடைக்கிறது, கழிவுநீர் எவ்வழிப் போகிறது, சாலை உயரமா, குளியலறை உயரமா என்பவை அதில் இருக்கட்டும். சாலைக்கும் தரைக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளக்க, நீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர் குழல் ஒன்று போதும். கொத்தனார்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மட்டக்குழல் அதுதான்.

பள்ளி சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து வாசல்வரை நடந்து பாருங்கள். வரைந்த படத்தை மோட்டார் சுவிட்சுக்கு அருகே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை புயல் எச்சரிக்கை வரும்போது, அம்மா மெழுகுவத்தி வாங்கக் கிளம்பினால், நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துத் தொட்டியை நிரப்பத் தொடங்குங்கள்.